செலான் வந்தால் இன்ஷூரன்ஸ் ஏறுமா? அதிவேக அபராதத்தை எதிர்ப்பது எப்படி?

அபராதம் ஆயிரம், இரண்டாயிரம்தான். லைசென்ஸ், ஆர்.சி, பாலிசி மூன்றில் ஒன்று சரியாக இல்லையென்றாலும் இழப்பு லட்சங்களில் போகும்!

வெற்றிலைக்குப் பெயர்போன ஊர் சோழவந்தான். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது இந்த வெற்றிலை. கொடிக்காலில் கிள்ளிய இலை வாடுவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். மேலக்கால் வழியாக மதுரைக்குப் போனாலும் சரி, வாடிப்பட்டி போய் நான்கு வழிச்சாலையைப் பிடித்துத் திண்டுக்கல் பக்கம் போனாலும் சரி, குட்டியானை ஓட்டுபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்குதான்.

வெற்றிலை லோடு மட்டுமல்ல. மதுரைக்கு வேலைக்குப் போகும் பைக், ஆஸ்பத்திரிக்குப் போகும் கார், கல்யாண வேன் என்று எல்லோருக்கும் ஏதோ ஓர் அவசரம். ஒருநாள் செல்போனில் எஸ்.எம்.எஸ் வந்து விழுகிறது: ‘அனுமதிக்கப்பட்ட வேகத்தை மீறியதற்கு இ-செலான்.’

உடனே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். கட்டிவிடலாமா, எதிர்த்துப் பார்க்கலாமா? இதனால் அடுத்த வருடம் இன்ஷூரன்ஸ் ஏறிவிடுமா?

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

முதலில் இரண்டாவது கேள்வி. லண்டனிலோ டொரண்டோவிலோ சொந்தக்காரர்கள் இருந்தால், ‘டிக்கெட் வாங்கிடாதீங்க, இன்ஷூரன்ஸ் எகிறிடும்’ என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் ஊரில் அது உண்மை. பிரிட்டனில் அதிவேகத்துக்குக் குறைந்தபட்சம் 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும் விழும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தைக் கூட்டும். கனடாவின் ஒன்டாரியோவில் போலீஸ் மடக்கித் தரும் டிக்கெட்டுக்கும் இதே கதைதான்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே எல்லா வண்டிக்கும் கட்டாயமான தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸின் பிரீமியத்தைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. மத்திய அரசு அறிவிக்கும் பட்டியல்தான் நாடு முழுவதும். 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், 75 முதல் 150 சி.சி வரையிலான பைக்குக்கு 714 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி வரையிலான சொந்தக் காருக்கு 3,416 ரூபாய். 7,500 கிலோ வரை எடையுள்ள சரக்கு வண்டிக்கு 16,049 ரூபாய். பத்து செலான் வாங்கியவருக்கும் ஒரு செலான்கூட வாங்காதவருக்கும் இது ஒரே தொகைதான்.

இதை மாற்ற ஒரு யோசனை வந்தது உண்மை. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ அமைத்த ஒரு குழு, 2021 ஜனவரியில் ‘போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்’ என்று ஒன்றைப் பரிந்துரைத்தது. குடித்துவிட்டு ஓட்டினால் 100 புள்ளி, தவறான இடத்தில் நிறுத்தினால் 10 புள்ளி என்று கணக்கிட்டு, இருசக்கர வாகனத்துக்கு 750 ரூபாய் வரையும், நான்கு சக்கர வாகனத்துக்கு 1,500 ரூபாய் வரையும் கூடுதலாக வாங்கலாம் என்றது. முதலில் டெல்லியில் சோதித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னது. ‘செலான் வந்தால் பிரீமியம் ஏறும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பல தகவல்களுக்கு மூலம் இந்தப் பரிந்துரைதான்.

அப்படியானால் கவலை இல்லையா?

இருக்கிறது. ஆனால் கவலை பிரீமியத்தில் இல்லை, லைசென்ஸில்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவுப்படி, கார், குட்டியானை போன்ற இலகுரக வாகனம் வேகத்தை மீறினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை. இது முதல் முறைக்கு. இரண்டாவது முறை சிக்கினால் ஓட்டுநரின் லைசென்ஸைக் கைப்பற்றி ஆர்.டி.ஓ-வுக்கு அனுப்பலாம், மூன்று மாதம் வரை வண்டி ஓட்டத் தடை வரலாம். ‘அபராதத்தைக் கட்டிட்டேனே’ என்று தப்பிக்க முடியாது. பணம் கட்டினாலும் லைசென்ஸ் மீதான நடவடிக்கையிலிருந்து விடுபட முடியாது என்று 200-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

வண்டி ஓட்டித்தான் பிழைப்பு என்பவருக்கு மூன்று மாதத் தடை என்றால் மூன்று மாத வருமானம் போச்சு. அதைவிட மோசமானது, தடை இருக்கும்போதே ‘பக்கத்து ஊர்தானே’ என்று வண்டியை எடுப்பது.

அந்த நேரத்தில் விபத்து நடந்தால் என்ன ஆகும்? 2004-ல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழி இன்றும் பேசப்படுகிறது. செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார், அதை உரிமையாளர் தெரிந்தே விட்டார் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி நிரூபித்தால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். உயிரிழப்பு வழக்குகளில் நஷ்டஈடு பல லட்சங்கள். வீடும் நிலமும் ஆட்டம் காணும் இடம் இதுதான். அதனால்தான் செய்யாத தவறுக்கு வந்த செலானை ‘ஆயிரம் ரூபாய்தானே’ என்று கட்டிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. செய்த தவறுக்கு வந்ததைக் கட்டாமலும் இழுத்தடிக்கக் கூடாது.

செலானைத் திறந்து பாருங்கள்

கேமராவோ ஸ்பீடு கன்னோ பதிவு செய்யும் விதிமீறலுக்கு எப்படி நோட்டீஸ் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு செலானை வரி வரியாகச் சரிபார்க்கலாம்.

• போட்டோ: விதிமீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா? அதே மாடல், அதே நிறமா? நம்பரில் 3-ஐ 8 என்று படித்திருக்கிறதா?

• வேகம்: கருவி அளந்த வேகம் எவ்வளவு என்று இருக்க வேண்டும்.

• தேதி, நேரம், இடம்: மூன்றும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் வண்டி எங்கே இருந்தது?

• சட்டப் பிரிவு: எந்தப் பிரிவை மீறினீர்கள் என்று குறிப்பிட வேண்டும்.

• மின்னணு ஆதாரச் சான்று: போட்டோவும் அளவும் கோர்ட்டில் செல்ல, அதற்கான சான்றிதழ் வேண்டும்.

• 15 நாள் கெடு: விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பப்பட வேண்டும்.

• எச்சரிக்கைப் பலகை: கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பாகக் கண்ணில் படும்படி பலகை இருக்க வேண்டும்.

• கருவிக்குச் சான்று: கருவி சரியாக அளக்கிறது என்ற ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை குத்துவதுபோல, வேகம் அளக்கும் ராடார் கருவிகளுக்கும் எடையளவுச் சட்ட விதிகளின் கீழ் சோதனையும் முத்திரையும் 2025 ஜூலை 1 முதல் கட்டாயமாகியிருக்கிறது.

சாலையோரம் நிறுத்தி, ‘வேகமா வந்தே’ என்று கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து வழக்கு போட்டால்? அதற்கும் 183-வது பிரிவிலேயே பதில் உண்டு. ஒரே ஒரு சாட்சியின் கணிப்பை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஒரு கருவியின் அளவை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்.

பலகையில் 70, கேமராவில் 60!

‘அரசாங்கத்தை எதிர்த்து ஜெயிக்க முடியுமா?’ என்று தயங்குபவர்களுக்கு டெல்லியில் நடந்தது நல்ல உதாரணம். 2019-ல் அங்கே நிஜாமுதீன் பாலத்திலிருந்து காஜிப்பூர் வரையிலான தேசிய நெடுஞ்சாலையில் வேகக் கேமராக்கள் ஆயிரக்கணக்கில் செலான்களைக் கொட்டித் தீர்த்தன. சாலைப் பலகையில் இருந்த வேகம் 70 கிலோமீட்டர். கேமராவில் வைத்திருந்த வரம்போ 60. பலகையை நம்பி 65-ல் போனவருக்கும் அபராதம்! குளறுபடி வெளியே வந்ததும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை போட்ட சுமார் ஒன்றரை லட்சம் செலான்களைத் திரும்பப் பெறுவதாக டெல்லி போக்குவரத்து போலீஸ் அறிவித்தது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. வேக வரம்பு ஊருக்கு ஊர், சாலைக்குச் சாலை, வண்டிக்கு வண்டி மாறும். செலான் வந்த இடத்துக்கு மறுபடி போகும்போது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேகப் பலகையை செல்போனில் படமெடுத்து வையுங்கள். பலகையில் உள்ள எண்ணும் செலானில் உள்ள வரம்பும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பலகை மரக்கிளையில் மறைந்திருந்தால் அதுவும் படத்தில் பதியட்டும்.

எதிர்ப்பது எப்படி? படிப்படியாக...

1. பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசமாக முடித்ததாகிவிடும். பிறகு ‘அது என் வண்டியே இல்லை’ என்று சொல்வது வீண்.

2. அரசு தளத்தில் பாருங்கள். பரிவாகன் இ-செலான் தளத்தில் வண்டி எண்ணையும், கேட்கும் இன்ஜின் அல்லது சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கொடுத்தால் செலானும் போட்டோவும் தெரியும். இரண்டையும் சேமித்து வையுங்கள்.

3. ஆதாரம் திரட்டுங்கள். ஃபாஸ்டாக் கணக்கு, பெட்ரோல் பங்க் ரசீது, ஜி.பி.எஸ் பதிவு, சந்தையில் இறக்கிய லோடு ரசீது எல்லாமே பேசும். செலானில் சொன்ன நேரத்தில் உங்கள் வண்டி கப்பலூர் டோல்கேட்டைத் தாண்டியதாக ஃபாஸ்டாக் காட்டினால், வேறு எங்கோ எடுத்த போட்டோவில் இருப்பது உங்கள் வண்டி இல்லை. யாரோ உங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டு சுற்றினால், உடனே போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த நம்பரில் நாளை வேறு குற்றமும் நடக்கலாம்.

4. புகார் பதிவு செய்யுங்கள். அதே தளத்தில் செலான் குறித்துப் புகார் செய்யும் வசதி இருக்கிறது. செலான் எண், நடந்தது என்ன, இணைத்த ஆதாரம் என்ன என்று பத்து வரிக்குள் எழுதினால் போதும். செலான் போட்ட போலீஸ் பிரிவுக்கு எழுத்து மூலமாகவும் கொடுக்கலாம். ஒப்புகை எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். நோட்டீஸில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

5. கோர்ட். கட்டாத செலான்கள் விர்ச்சுவல் கோர்ட் எனப்படும் இணைய நீதிமன்றத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டுக்கும் இந்த வசதி உண்டு. அங்கே, ‘அபராதம் கட்டுகிறேன்’, ‘வழக்கை எதிர்கொள்கிறேன்’ என்று இரண்டு வழிகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், வழக்கு அந்த எல்லைக்குட்பட்ட வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே கருவியின் சான்றையும் மின்னணு ஆதாரத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களும் கேட்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100.

எப்போது கட்டிவிடுவது நல்லது?

போட்டோ தெளிவு, வண்டி உங்களுடையது, பலகையும் சரி, வேகமும் கூடுதல் என்றால் வாதாட ஒன்றுமில்லை. கெடுவுக்குள் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோர்ட்டுக்கு அலையும் நாள்களின் கூலியும் பஸ் செலவும் அபராதத்தைத் தாண்டிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால், பெயர் மாற்றம், எஃப்.சி என்று வண்டிக்கு ஏதாவது வேலை வரும்போது நிலுவை செலான் வந்து குறுக்கே நிற்கும்.

வாடகைக்கோ லோடுக்கோ வண்டி விடுபவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். செலான் வருவது உரிமையாளர் பெயரில், ஓட்டியது வேறொருவர். போலீஸ் கேட்டால் ஓட்டுநர் யார் என்று சொல்வது 133-வது பிரிவுப்படி உரிமையாளரின் கடமை. எந்தத் தேதியில், எந்த நேரத்தில், யார் வண்டியை எடுத்தார் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் யாருடைய தவறு யார் தலையில் விழுகிறது என்ற தகராறே வராது.

ஓட்டுநரை விரட்டும் முதலாளிகளும் கவனிக்க வேண்டும். வேகத்தை மீறி ஓட்ட வைப்பதும் 183-வது பிரிவில் குற்றம்தான். ‘இத்தனை மணிக்குள் சந்தையில் இருக்கணும்’ என்று உத்தரவிட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குப் போகவே முடியாது என்று கோர்ட் கருதினால், அந்த உத்தரவே முதலாளிக்கு எதிரான முதல்நிலை ஆதாரம் ஆகிவிடும். இவ்வளவுக்கும் மிச்சமாவது எவ்வளவு? இருபது கிலோமீட்டரை 60-ல் போனால் 20 நிமிடம். 80-ல் போனால் 15 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம்.

விற்ற வண்டிக்கு வரும் செலான்

பழைய பைக்கை விற்று மூன்று வருடம் ஆகியிருக்கும். திடீரென்று செலான் உங்கள் செல்போனுக்கு வரும். பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்ததன் பலன் இது.

செலானோடு போனால் பரவாயில்லை. பலமுறை கைமாறியும் ஆர்.சி-யில் பெயர் மாறாத ஒரு காரின் விபத்து வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. வண்டியைக் கண்ணால் பார்த்தே வருடக்கணக்கு ஆனவர் தலையில் நஷ்டஈடு!

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பிரீமியம் உண்மையில் ஏறும் இடம்

செலானால் ஏறாத பிரீமியம் வேறு வழியில் ஏறும். சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில், க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்கு ‘நோ க்ளெய்ம் போனஸ்’ தள்ளுபடி கிடைக்கிறது. முதல் வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 20 சதவிகிதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவிகிதம். ஒரே ஒரு க்ளெய்ம் செய்தாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000 ரூபாய் என்றும், அது மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவிகிதத் தள்ளுபடியில் நீங்கள் கட்டுவது 3,000. பம்பரில் விழுந்த கீறலுக்கு 5,000 ரூபாய் க்ளெய்ம் செய்தால், அடுத்த வருடம் 6,000 கட்ட வேண்டும். அதன்பின் 4,800, 4,500, 3,900, 3,300. பழைய 3,000-க்குத் திரும்புவதற்குள் கூடுதலாகக் கட்டியது 7,500 ரூபாய். ஐயாயிரத்தை வாங்கப் போய் ஏழாயிரத்து ஐந்நூறைக் கொடுத்த கதை! சின்னச் சின்னச் சேதத்தைக் கைக்காசில் சரிசெய்துவிட்டு, பெரிய சேதத்துக்கு மட்டும் க்ளெய்ம் செய்வதே லாபம்.

பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் இந்தத் தள்ளுபடி போய்விடும். தள்ளுபடி வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு. எனவே பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கும்போது, அதற்கான சான்றைக் கம்பெனியிடம் வாங்கிப் புதுக் காருக்குப் பயன்படுத்தலாம். இன்ஷூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் அபராதம் 2,000 ரூபாய். மறுபடி சிக்கினால் 4,000.

செலான் பெயரில் மோசடி

வாட்ஸ்அப்பில் ‘உங்கள் வண்டிக்கு அபராதம்’ என்று வந்து, கூடவே ஒரு ஏ.பி.கே ஃபைலோ லிங்க்கோ இருந்தால் தொடாதீர்கள். அதை இன்ஸ்டால் செய்தால் ஓ.டி.பி-யைத் திருடி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடிகள் நடக்கின்றன. அரசு தளத்தின் முகவரி ‘கவ் டாட் இன்’ என்றுதான் முடியும். லிங்க்கைத் தட்டாமல் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் க்ரைம் உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இன்றைக்கே பார்க்க வேண்டியவை

• உங்கள் பெயரில் உள்ள எல்லா வண்டிகளுக்கும் நிலுவை செலான் இருக்கிறதா?

• ஆர்.சி-யில் இருக்கும் செல்போன் நம்பர் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா? பழைய நம்பர் என்றால் செலான் வந்ததே தெரியாமல் கெடு முடிந்துவிடும்.

• விற்ற வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதா?

• ஓட்டுபவரின் லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் பாலிசி இரண்டும் எந்தத் தேதி வரை செல்லும்?

நான்கையும் செல்போனிலேயே பார்த்துவிடலாம். அரை மணி நேரம் போதும்.